யாரால்

இரவு இரண்டே கால்.
ஸ்டான்லியின் விபத்துப் பதிவேட்டுக்கு அடியில்
என் மொழியியல் பாடநூல் ஒளிந்திருக்கிறது.
திங்களன்று தேர்வு.
இதுவரை படித்தது:
ஒவ்வொரு வினைச்சொல்லும் தன் பந்தியில்
எண்ணித்தான் இலை போடும்.
‘தூங்கு’ ஓர் இலை.
‘வெட்டு’ இரண்டு.
‘கொடு’ மூன்று: கொடுத்தவர், பொருள், பெற்றவர்.
இலைக்கு ஒருவர்.
ஆளில்லாத இலை கிடக்கக் கூடாது,
இலையில்லாத ஆள் நிற்கக் கூடாது.

தேசிங்கு வந்தான். சடையங்குப்பம், வயது முப்பத்தொன்று.
வலது கையில் சுற்றிய லுங்கி, முன்பு பச்சை.
இடது கையில் பால் கவர்,
கவருக்குள் ஐஸ், ஐஸுக்குள் விரல்.
மணலியிலிருந்து இரண்டு மணி நேரம்;
கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்து நின்றனவாம்.

கூடவே கம்பெனி ஆள், இஸ்திரி கலையாத சட்டை.
“மெஷின்ல கை மாட்டிக்கிச்சு மேடம்,
நசுங்கிடுச்சு. அப்படியே எழுதிக்குங்க.”

மாட்டிக்கொண்டது. நசுங்கியது.
இரண்டு பந்தியிலும் இலை முன்னால் விரலேதான்.
பரிமாறியவர் எவரும் இல்லை.

தமிழில் இது எவ்வளவு சுலபம்!
‘நசுங்கு’வில் இருப்பது ஒரு மூக்கெழுத்து.
மணலியைத் தாண்டும் பஸ்ஸில்
நாங்கள் எல்லோரும் செய்வதுபோல்
மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு சொன்னால்
‘நசுக்கு’ என்று வரும்.
உடனே இன்னோர் இலை விழும்,
யாராவது வந்து உட்கார்ந்தாக வேண்டும்.
கம்பெனி ஆள் மூச்சு தாராளமாக விட்டுக்கொண்டிருந்தார்.

“மெஷின் மேல ஒரு தகடு இருக்கணுமே?”
“அது கழண்டுடுச்சு.”
“எப்போ?”
“அது... கழண்டே இருந்துச்சு.”

“மெஷின போட்டது யாரு?”
“நாந்தான்க்கா,” என்றான் தேசிங்கு,
யாரும் பிடித்துத் தள்ளாமல்
நேராகப் போய் அந்த இலையில் உட்கார்ந்தவன்போல.
கம்பெனி ஆள் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

எட்டாம் வகுப்பு இலக்கணம் ஞாபகம் வந்தது.
கோயில் கட்டினான் தச்சன், அவன் இயற்றும் கருத்தா.
கோயில் கட்டினான் அரசன், அவன் ஏவும் கருத்தா.
கோயில் என்றால் அரசர்கள் முந்திக்கொண்டு வருகிறார்கள்,
கல்வெட்டில் பெயர் போட்டு.

“போடச் சொன்னது யாரு?”

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு முறை முனகியது.
“விடியறதுக்குள்ள லோடு ஏத்தணும்னு... சொன்னாங்க.”
சொன்னாங்க.
அந்த ‘ஆங்க’ ஒரு பொதுக் கதவு,
ஒருவரும் போகலாம், ஊரே போகலாம்.

‘எவ்வாறு நேர்ந்தது’ என்ற கட்டம் ஒன்றரை அங்குலம்.
(நேர்வது! அதற்கும் செய்தவர் வேண்டாம்.)
பொடி எழுத்தில் எழுதினேன்:
தகடு கழற்றப்பட்ட இயந்திரத்தை இயக்குமாறு
................ஆல் சொல்லப்பட்டதில்

“இவ்வளவு நீளம் எதுக்கு மேடம்?
கட்டமே சின்னது.”

உள்ளே கூப்பிட்டார்கள்.
ஒட்ட வைக்க முடியாது என்று
பயிற்சி டாக்டர் தரையைப் பார்த்துச் சொன்னாள்.
தேசிங்கு எழுந்தவன் திரும்பினான்.
“விரலுக்கு வலிக்குதுக்கா.”
என் மேஜைமேல் சொட்டிக்கொண்டிருந்த கவரை
இடது கையால் காட்டினான்.

விரல் வலிக்குது என்றல்ல.
எனக்கு வலிக்குது என்றும் அல்ல.
விரலுக்கு.
உடம்பைவிட்டுப் போனதற்கு இலை போட்டு
ஒரு ‘கு’வும் பரிமாறிவிட்டது அந்த வினை.
இங்கேயோ இஸ்திரி கலையாமல்
இலையில்லாத ஓர் ஆள்.
புத்தகத்தின்படி இரண்டுமே பிழை.

“உங்க பேரு சொல்லுங்க சார்,” என்றேன்.
“இதுல எனக்கென்ன மேடம்?”

பேனாவைப் புள்ளிகளின் மேல் வைத்தேன்.
“இனிஷியலோட.”